கண்மாய்க்குள்ள நடந்து வந்த கருப்பு

கண்மாய் எத்தனை ஏக்கர்னு கேட்டுட்டுப் பேனாவத் தொறந்து வச்சிருக்கீக பாருங்க தாயி, அது எனக்குப் பிடிச்சிருக்கு. போன வருசம் இதே மாதிரி நீர்வளத் திட்டம்னு ஒரு ஆளு வந்தாரு. அவரு யாரையும் ஒன்னும் கேக்கல. வேப்பமரத்து நெழல்ல உக்காந்து, ஆபீஸ் புத்தகத்தைப் பாத்து அவராவே எழுதிக்கிட்டு, நான் வெட்டிக் குடுத்த எளநியக் குடிச்சிட்டு, நல்லா இனிப்பா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. நீங்க ஊருக்குள்ள வந்து ஊர்க்காரன்கிட்டக் கேக்குறீக. நல்லா இருப்பீக. ஆனா அந்தக் கட்டத்துல இப்பவே நம்பரைப் போட்டுராதீக, அதுல ஒரு வெவகாரம் இருக்கு. நாலரை பஸ்ஸுக்குத்தான போகணும்? அந்தக் கல்லுல உக்காருங்க. அது வெறுங்கல்லுதான், தாராளமா உக்காரலாம்.

என் பேரு வெள்ளைக்கண்ணு. இந்தத் தாழையேந்தல்ல கண்மாய்னா என்னையத்தான் கேக்கணும். கண்மாய்ச் சங்கத்துக்கு ஒன்பது வருசம் தலைவரா இருந்தவன் நான். நம்மளப் பத்தி நாமளே பெருமை பேசக்கூடாது, ஆனா இந்த ஊர்ல வேற எவனும் பேச மாட்டேங்கிறான், அதனால நான் பேச வேண்டியதா இருக்கு. கலெக்டர் ஆபீசுக்கு மட்டும் பதினேழு மனு போட்டிருக்கேன். அம்புட்டும் கைப்பட எழுதுனது, டைப்பு அடிக்கக் குடுக்குற வழக்கமே கெடையாது. பதினேழுலயும் மொத வரி ஒன்னுதான். 'கண்மாய் ஊரார் சொத்து, அதில் ஒரு சாண் பிடித்தாலும் களவு களவுதான்'. என் சம்சாரம் பஞ்சவர்ணம் அந்த வரியப் படிக்கிறப்ப எல்லாம் அடுப்படிக்குள்ள போயி ஏதாச்சும் பாத்திரத்தை உருட்டுவா. அவளுக்கு எழுத்து வாசனை கொஞ்சம் கம்மி.

மனு யாரு மேலன்னு கேளுங்க. சோணைமுத்து மேல. ஒன்னுவிட்ட தம்பி, பங்காளி, ஒரே சாமி கும்புடுறவன். அவன் என்ன பண்ணிட்டான்னா, உள்வாயில, அதாவது கண்மாய்க்குள்ள தண்ணி நிக்கிற பக்கம், கத்திரிக்கா போட்டுட்டான். எனக்கு வயலு கடைமடையில ரெண்டு ஏக்கர். கண்மாய்த் தண்ணி எல்லா வயலுக்கும் பாஞ்சு கடைசியா எனக்கு வந்து சேரணும். வருசா வருசம் தை மாசம், நெல்லு பால் பிடிக்கிற நேரத்துல தண்ணி தீந்துபோகும். என் பயிரு நிக்கிற நெலையப் பாத்தா பெத்த பிள்ளை பட்டினி கெடக்குற மாதிரி இருக்கும் தாயி. கண்மாய் சுருங்கிப் போச்சு, அதுக்குக் காரணம் அந்தக் கத்திரித் தோட்டம்தான்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு.

இன்னொன்னும் சொல்லணும். கலுங்குன்னு தெரியுமில்ல, மிச்சத் தண்ணி வெளியேறுற எடம். அதுல வரிசையா குத்துக்கல்லு நிக்கும். ஐப்பசி மழை ஓயிறப்ப அந்தக் கல்லுகளுக்கு எடையில வைக்கோலும் களிமண்ணும் வச்சு அடைச்சா, கண்மாய்ல ரெண்டடி தண்ணி கூட நிக்கும். பழைய வழக்கம் அது. நான் தலைவரா இருந்த ஒன்பது வருசமும், அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அடைக்க விடல. எங்கப்பாவும் விட மாட்டாரு. ரெண்டடி ஏறுனா கரை தாங்காது, ஊரு அழிஞ்சு போகும்னு குத்துக்கல்லு மேலயே ஏறி உக்காந்துக்குவேன். மழையில நனைஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், ஊருக்காக. பஞ்சவர்ணம் குடையக் கொண்டாந்து குடுத்துட்டு, கரைக்கு ஒன்னும் ஆகாது, நம்ம தோப்புக்குள்ளதான் தண்ணி ஏறும்பா. பொம்பளைகளுக்கு எப்பவும் தன் வீட்டு நெனப்புத்தான்.

தோப்புன்னது எங்க தென்னந்தோப்பு. எழுவத்திரெண்டு மரம், எங்கப்பா வீரணன் வச்சது. அந்தா தெரியுது பாருங்க, தண்ணிக்குள்ள நிக்குதே, அதுதான். அப்ப அது தண்ணிக்குள்ள இல்ல. அதைத்தான் சொல்ல வர்றேன்.

பதினேழாவது மனுவுக்குப் பதில் வந்துச்சு. பங்குனி மாசம் சர்வேயர் வந்தாப்ல. இருதயராஜ்னு பேரு, சின்ன வயசு, சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பிள்ளை. மூணுகால் ஸ்டாண்டு, மஞ்சப் பெட்டி, சுருட்டி வச்ச படம்னு பைக்குல கட்டிக்கிட்டு வந்து எறங்குனாப்ல. நீங்கதானா ஐயா வெள்ளைக்கண்ணு, உங்க கையெழுத்தை எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும்னாப்ல. எனக்குப் பெருமை தாங்கல. அன்னிக்கு எங்க வீட்டுலதான் சாப்பாடு.

வேலைய ஆரம்பிச்சா ஒரு கல்லைக் காணோம். படத்துல மூணு ஊரு எல்லையும் வந்து சேருற முக்குல ஒரு கல்லு இருக்கணும், வெள்ளைக்காரன் காலத்துல ஊனுனது. அதுல இருந்துதான் கண்மாயோட எல்லைய இழுக்கணுமாம். மத்த ரெண்டு மூலைக் கல்லும் கரையோரமாக் கெடைச்சிருச்சு, இது மட்டும் இல்ல. நானே முன்ன நின்னு தேடுனேன். கருவேல முள்ளுக்குள்ள குனிஞ்சு போயித் தேடுனேன். சோணைமுத்து தோட்டத்துல மூணு எடத்துல கடப்பாரையப் போட்டுத் தோண்டிப் பாத்தேன், அவனும் கத்திரிச் செடியோட போகுதேன்னு பாத்துக்கிட்டு நின்னானே ஒழிய ஒன்னும் சொல்லல. ரெண்டு நாளு தேடியும் இல்ல. எனக்கு ஆத்திரம் வந்துருச்சு. ஊரு கூடி நிக்கிறப்ப மண்ணை வாரித் தூத்திட்டேன் தாயி. கல்லைக் களவாண்டவன் எவனா இருந்தாலும் அவன் வம்சம் வெளங்காமப் போகட்டும்னுட்டேன். பஞ்சவர்ணம் ஓடியாந்து என் வாயப் பொத்துனா. விடுங்க, நமக்கும் பிள்ளைகுட்டி இருக்குன்னா. அவ ஏன் அப்படிப் பதறுனான்னு எனக்குப் புரியல. வெயில்ல நின்னது ஒத்துக்கலை போலன்னு வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

மூணாம் நாளு வெள்ளிக்கெழமை. கருப்புக்கு ஒரு பொங்க வைக்காம வேலைய ஆரம்பிச்சதுனாலதான் கல்லு அம்புடலன்னு எனக்குப் பட்டுச்சு. எங்க சாமிக்கு நடந்து வந்த கருப்புன்னு பேரு. தோப்புல கடைசி மரத்துக்கும் அங்கிட்டு, தண்ணியோரமா இடுப்பு ஒசரம் நிப்பாரு. எங்கப்பா காலத்துல, கண்மாய் சுத்தமா வறண்ட ஒரு வருசம், தானா நடந்து வந்து நின்னாரு. விடிஞ்சு பாத்தா நிக்கிறாரு. மொதல்ல பாத்தது எங்கப்பாதான். சாமி நின்ன எடத்துக்கு இங்கிட்டு உள்ளதெல்லாம் சாமி நெலம், சாமிக்கு நெழல் வேணும்னு சொல்லி எழுவத்திரெண்டு தென்னம்பிள்ளைய வச்சாரு. அம்புட்டு பக்தி மனுசனுக்கு. அவருக்கப்புறம் பூசாரி நான்.

வருசம் பூரா எண்ணெயும் மஞ்சளும் பூசிப் பூசி சாமி மேல கறுப்பா அட்டை கட்டிப் போயிருக்கும். தலையில செவப்புத் துணில தலப்பா கட்டியிருக்கும். அன்னிக்கு வெளியூரு ஆளு வர்றாப்லயே, சாமி நல்லா இருக்கட்டும்னு தலப்பாவ அவுத்து, சீயக்காயும் தேங்கா நாரும் போட்டு நானே தேச்சுக் கழுவுனேன். பளபளன்னு ஆயிட்டாரு. வேதக்காரப் பிள்ளையா இருந்தாலும் அந்தத் தம்பி செருப்பைக் கழட்டிட்டு வந்து கையக் கட்டி நின்னாப்ல. நான் சூடத்தைக் காட்டுறேன். தம்பி சூடத்தைப் பாக்கல, சாமியோட உச்சியவே பாத்துக்கிட்டு நிக்கிறாப்ல.

ஐயா, உச்சில மூணு கோடு வெட்டியிருக்கேன்னாப்ல. அது சூலம் தம்பின்னேன். கருப்புக்கு அருவாதான உண்டு, சூலம் ஏதுன்னு முன்னாடியே கேட்டவன் உண்டு, எங்க கருப்புக்கு மட்டும் சூலம்னு சொல்லி வாய அடைச்சிருக்கேன். தம்பி ஒன்னும் எதுத்துப் பேசல. படத்தை விரிச்சு ஓரத்துல ஒரு சின்னப் படத்தைக் காட்டுனாப்ல. மூணு ஊரு சேருற கல்லுல எந்த எல்லை எந்தப் பக்கம் போகுதுன்னு காட்ட, உச்சில மூணு கோடு வெட்டியிருப்பாகளாம். அதே மூணு கோடு. வெள்ளைக்காரன் எங்க சாமியப் பாத்துத்தான் வெட்டப் பழகியிருப்பான்னேன். இருக்கும் ஐயான்னாப்ல. தங்கமான பிள்ளை.

அப்புறம் மெதுவா கேட்டாப்ல, சாமி எந்தப் பக்கத்துல இருந்து நடந்து வந்தாருன்னு. வடக்க இருந்துன்னேன். ஸ்டாண்டை நட்டு, கரையோரத்து ரெண்டு கல்லுல இருந்தும் பிடிச்சு அளந்து பாத்துட்டு, இருநூத்திப் பன்னெண்டு அடி நடந்திருக்காரு ஐயா, அங்கிட்டு இங்கிட்டு வளையாம நூல் பிடிச்ச மாதிரி வந்திருக்காரு, கெளம்புன எடம் உங்க மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னாடின்னாப்ல. நான் திரும்பித் தோப்பைப் பாத்தேன், எழுவத்திரெண்டு மரமும் அந்த இருநூத்திப் பன்னெண்டு அடிக்குள்ளதான் நிக்கிது. சோணைமுத்து தோட்டத்தையும் அளந்தாப்ல, அது கண்மாய்க்குள்ள பதினோரு அடி. எனக்கு உடனே பேச்சு வந்துருச்சு. பதினோரு அடின்னாலும் ஆக்கிரமிப்பு ஆக்கிரமிப்புத்தான், எழுதுங்க தம்பின்னேன். சரிங்கய்யா, ரெண்டையும் எழுதிக்கிறேன்னாப்ல.

மறுவாரம் தாசில்தார் அம்மா வந்தாக. தோப்புலயே ஊர்க்கூட்டம். அந்தம்மா மடியில என் பதினேழு மனுவும் இருக்கு. உங்க தோப்பு ஒன்னேகால் ஏக்கரு நனையாம இருக்க, எம்பத்தாறு ஏக்கர் கண்மாய ரொம்பி நிக்க விடாமப் பண்ணியிருக்கீங்களே பெரியவரேன்னாக. நான் கரைக்காகத்தான் பண்ணுனேன்னு சொன்னேன். கரையப் பாக்க வந்த இஞ்சினியரு, கரை இன்னும் நாலடி கூடத் தாங்கும்னுட்டாரு. அந்த ஆளுக்கு என்ன தெரியும், அவரு என்னிக்காவது மழையில உக்காந்து பாத்திருக்காரா.

அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்துச்சு. இது கல்லா, சாமியா, பூசாரி நீங்க சொல்றதை அப்படியே எழுதிக்கிறோம்னாக. கல்லுன்னு சொன்னா, எல்லைக் கல்லைப் பிடுங்குன குத்தம் எங்கப்பா மேல விழும். சாமின்னு சொன்னா, சாமி கண்மாய்க்குள்ள இருக்கக் கூடாது, அவுகளே ஆளு வச்சு எடுத்து வேற எங்கயாச்சும் வச்சிருவாக. எப்படிச் சொன்னாலும் தோப்பு போச்சு. ஒவ்வொரு மரத்துக்கும் கொடத்துல தண்ணி சொமந்து ஊத்துனவன் நான். ஆனா தோப்பாவது மண்ணு, மரம். எங்கப்பா செத்து முப்பது வருசம் ஆச்சு. அவரைக் களவாணின்னு காகிதத்துல எழுதி, அதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடணுமா. அதுவும் ஒரு சாண் பிடிச்சாலும் களவுன்னு பதினேழு தரம் எழுதுன கையால. வாழ்க்கையில அன்னிக்குத்தான் நான் கூட்டத்துல பேசாம நின்னது.

சோணைமுத்து எந்திரிச்சான். செத்தோம்னு நெனச்சேன். என் மனுவால அவன் தாலுகா ஆபீசுக்கு நடந்த நடை கொஞ்சமா நஞ்சமா, இப்ப வச்சு வாங்கப் போறான்னு நின்னேன். அவன் தாசில்தார் அம்மாவக் கும்புட்டுட்டு, அது எங்க கருப்புதாம்மா, எங்க பெரியப்பா பொய் சொல்ற ஆளு இல்லைன்னான். பெரியப்பான்னது எங்கப்பாவத்தான். நடந்து வந்த சாமிக்குத் திரும்பிப் போகத் தெரியாதா, நீங்க ஆளு விட வேணாம், பூக்கட்டிக் கேப்போம், போறேன்னு சொன்னா அவரு கெளம்புன எடத்துலயே நாங்களே கொண்டுபோயி வச்சிருறோம்னான்.

பூக்கட்டிப் பாக்குறது உங்க ஊருப்பக்கம் இருக்கா என்னமோ. வெள்ளைப் பூவ ஒரு எலையிலயும் செவப்புப் பூவ ஒரு எலையிலயும் பொட்டலமாக் கட்டி, சாமி முன்னால போட்டு, ஒன்னை எடுத்துப் பிரிச்சுப் பாக்கணும். பொண்ணு எடுக்குறதுல இருந்து கெணறு வெட்டுறது வரைக்கும் எங்களுக்கு அதுதான். வெள்ளை வந்தா சாமி இங்கயே இருக்கப் பிரியப்படுறாரு, செவப்பு வந்தா பழைய எடத்துக்குப் போகப் பிரியப்படுறாருன்னு பேச்சு. பொட்டலம் கட்டுனது பஞ்சவர்ணம். எடுத்தது சோணைமுத்து. பிரிச்சா செவப்பு அரளி. ஊரே கன்னத்துல போட்டுக்கிச்சு. இன்னொன்னையும்தான் பிரிச்சுப் பாப்போமேன்னு நான் சொன்னேன். அதுக்குள்ள பஞ்சவர்ணம் அதை எடுத்து முந்தியில முடிஞ்சுக்கிட்டா. சாமி சொன்னதுக்கப்புறம் சோதிக்கக் கூடாதுன்னா. எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு, அவளுக்கு என்னையவிட பக்தி சாஸ்தி.

தாசில்தார் அம்மா எங்க மூணு பேரையும் மாறி மாறிப் பாத்தாக. பூசாரியின் சம்மதத்தோடு சாமியைப் பழைய இடத்துக்கு மாற்றுவதுன்னு எழுதி, என்கிட்டயும் சோணைமுத்துக்கிட்டயும் கையெழுத்து வாங்கிக்கிட்டாக. எங்கப்பா பேரு அந்தக் காகிதத்துல எங்கயும் இல்ல. அவன் கையெழுத்துப் போட்டுட்டு, வாண்ணே ஒரு டீயக் குடிப்போம்னான். டீ குடிக்கிற மாதிரியா இருந்துச்சு, ஆனாலும் குடிச்சேன். அவனுக்கு நான் செஞ்சதுக்கு அவன் இதைச் செய்யணும்னு என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க.

இந்த வருசம் கலுங்கை அடைச்சாக. அறுவது வருசத்துல மொதத் தடவையா கண்மாய் ரொம்பி, தோப்புக்குள்ள தண்ணி ஏறி, மரமெல்லாம் முழங்கால் தண்ணில நிக்கிது. காய் ஏலம் இனிமே ஊருக்குத்தான். எங்கப்பா வச்ச மரத்துக் காய நான் கடையில வாங்கிக் கொழம்பு வைக்கிறேன். ஆனா என் கடைமடை வயலுக்கு மாசி வரைக்கும் தண்ணி பாஞ்சுச்சு தாயி. கதிரு அம்புட்டும் மணி. அதுக்கெல்லாம் யாரு காரணம்ங்கிறீக, நான் போட்ட மனுதான். நீங்க அந்தக் கட்டத்துல எம்பத்தாறுன்னு இப்பப் போடலாம். முந்தி வந்த ஆளும் எம்பத்தாறுன்னுதான் போட்டுட்டுப் போனாரு, ஆனா அன்னிக்கு அது இல்லாத கணக்கு, இன்னிக்கு இருக்குற கணக்கு.

சாமிய மாத்துனதை இன்னும் சொல்லல பாருங்க. அன்னிக்கு மேளம், கொட்டு, ஊருக்கே சோறு. பூசாரிதான் தூக்கணும், வேற ஆளு தொடக்கூடாது. நடந்து வந்த சாமிதான, பூ மாதிரி வந்துருவாருன்னு ஊரே நெனச்சுச்சு, நானும் நெனச்சேன். தோண்டிப் பாத்தா வெளிய தெரிஞ்ச அளவு மண்ணுக்குள்ளயும் இருக்காரு. தோள்ல ஏத்துனதுமே எனக்குக் கண்ணு இருட்டிருச்சு. பத்தடிக்கு மேல போக முடியல. யாரையும் கேக்காம சோணைமுத்து வந்து அங்கிட்டு ஒரு தோளைக் குடுத்தான், பங்காளிதான, அவன் தொடலாம். ஏழு எடத்துல எறக்கி வச்சோம். ஏழாவது எடத்துல நான் அப்படியே மண்ணுல உக்காந்துட்டேன், மூச்சு வாங்குது, பஞ்சவர்ணம் தண்ணியக் கொண்டாந்து குடுக்குறா. பட்டப்பகல்ல, ரெண்டு ஆம்பளை தூக்கியே இந்தப் பாடு. அம்புட்டுக் கனத்தை எங்கப்பா அன்னிக்கு இருட்டுல, ஒத்தை ஆளா, எப்படித்தான் தூக்கியாந்தாரோ மனுசன்.

என்னத்தா, அப்படிப் பாக்குறீக. அதை எங்கயும் எழுதிராதீக.